நமக்குப் பாடத் தந்த குருவானவர்: யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார்



உங்களில் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு விவால்டி என்ற பெயர் நன்றாகத் தெரியும். நான்கு பருவங்கள் என்ற அவருடைய இசையைப் பாடசாலையில் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். அவர் 1703ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்ற ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிறந்தது 1678இல். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1676இல், இந்தியாவின் கோவாவில் இன்னொரு குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் வளர்ந்து குருவானவராகி, பாட்டுகள் இயற்றியது. தவக்காலத்தில் நம் ஊர்க் கோவில்களில் பெரியவர்கள் இராகத்தோடு வாசித்த வியாகுல பிரசங்கம் அவர் எழுதியதுதான். அவர் பெயர் யாக்கோமே கொன்சால்வேஸ்.

விவால்டியைப் பற்றி இந்த நாட்டுப் பாடசாலைகள் உங்களுக்குச் சொல்லித் தரும். கொன்சால்வேஸ் அடிகளாரைப் பற்றி நாங்கள்தான் சொல்லித் தர வேண்டும். அதனால்தான் நமது ஆண்டுவிழா மலருக்காக அவருடைய வாழ்க்கையைத் தேர்ந்தேன்.

திவார் தீவின் பிள்ளை

பழைய கோவா நகருக்கு எதிரே, மாண்டவி ஆற்றின் நடுவே, திவார் என்றொரு தீவு உண்டு. அங்கே கொங்கணி பேசும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக அவர் பிறந்தார். அப்போது கோவா போர்த்துக்கேயரின் கையில் இருந்தது. இயேசு சபையாரின் கல்லூரியில் படித்தார். கொங்கணி தாய்மொழி, போர்த்துக்கேயமும் இலத்தீனும் படித்த மொழிகள். 1700ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

நன்றாகப் படித்த இளங்குருவுக்குக் கோவாவில் வசதியான வாழ்க்கை கிடைத்திருக்கும். ஆனால் அவர் ஓரட்டோரியன் சபையில் சேர்ந்தார். உள்ளூரில் பிறந்த குருக்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள ஐரோப்பியத் துறவற சபைகள் தயங்கிய காலம் அது. ஆகவே கோவாவின் குருக்கள் சிலர் 1685இல் தாங்களாகவே கூடி இந்தச் சபையைத் தொடங்கினார்கள். அந்தச் சிறிய சபையில் ஒருவர்தான், இன்று நாம் பீடத்தில் வைத்து வணங்கும் புனித யோசேவ் வாஸ் அடிகளார். அவர் அப்போது இலங்கையில் இருந்தார்.

குருக்கள் இல்லாத நாடு

பிள்ளைகளே, அந்த நாளைய இலங்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஒரு குருவானவரை வீட்டில் மறைத்து வைத்தால் மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறப்பித்தார்கள். கோவில்கள் அவர்கள் கைக்குப் போயின. ஞானஸ்நானமும் திருமணமும் அவர்களுடைய ஆலயத்தில்தான் நடக்க வேண்டும். மருதமடு அன்னையின் திருச்சுரூபத்தை மாந்தையில் இருந்த குடும்பங்கள் காட்டுக்குள் கொண்டு சென்றதும் இந்தக் காலத்தில்தான் என்று நம் முன்னோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இப்படியே போயின. குருவானவரையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் ஒரு கூலியாளின் கோலத்தில், வெறுங்காலோடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஐரோப்பியக் குருவானவர் வந்திருந்தால் நிறத்தைக் கண்டே பிடித்திருப்பார்கள். கோவாவில் பிறந்தவர் சனங்களோடு சனமாக நடந்து போகலாம். பூசை இரவில் நடக்கும். விடிவதற்குள் குருவானவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிறகு அவர் கண்டி அரசுக்குள் போனார். ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறையில் இருந்தார். காலப்போக்கில் அரசனின் மதிப்பைப் பெற்றார்.

ஆனால் நாடு பெரிது. குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. ஒரு கிராமத்துக்கு ஒரு குருவானவர் வந்து போனால், அவர் மறுபடி வர எத்தனையோ மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் செபம் சொல்லிக் கொடுக்கவும், குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகிறவரின் அருகில் இருக்கவும் ஊருக்கு ஊர் மூப்பரும் அண்ணாவியாரும் இருந்தார்கள். ஞாயிறுதோறும் சபையைக் கூட்டியவர்கள் அவர்களே. கூடியிருக்கும் மக்களுக்கு அவர்கள் எதை வாசிப்பது? எதைப் பாடுவது? இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கொன்சால்வேஸ் அடிகளார் வந்தார்.

இரண்டு புதிய மொழிகள்

1705ஆம் ஆண்டு, 29 வயதில், அவர் தலைமன்னாரில் வந்து இறங்கினார். வரும் வழியிலேயே தமிழ் கற்கத் தொடங்கியிருந்தார். முதலில் மன்னார்ப் பகுதி மக்களிடையே பணி செய்தார். புதிதாக வந்த இளைஞரிடம் மொழியைப் பிடித்துக்கொள்ளும் ஆற்றல் இருப்பதை யோசேவ் வாஸ் அடிகளார் கண்டுகொண்டார். சிங்களத்தை மேலோட்டமாக அல்ல, இலக்கியத்தோடு கற்கும்படி அவரைக் கண்டிக்கு அனுப்பினார். அங்கே அவருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் பௌத்த பிக்குகள். ஒரு கத்தோலிக்கக் குருவானவர் பிக்குகளிடம் மாணவனாக இருந்து, அவர்களுடைய இலக்கண நூல்களையும் செய்யுள்களையும் படித்தார். கண்டி அரண்மனையில் தமிழும் அந்நியமான மொழியல்ல. அரசிகள் மதுரையிலிருந்து வந்தவர்கள்.

மற்றவர்களுக்கும் பயன்படும்படி அகராதிகளையும் அவர் தொகுத்தார். பின்னால் வரும் குருவானவர் மொழி தெரியாமல் தவிக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு தாதியாக நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் தாதிப் பயிற்சி பெற்றது பிறந்த நாட்டில் அல்ல, பிறமொழியில். உடல் உறுப்புகளின் பெயர்களைப் பாடமாக்குவது ஒன்றும் பெரிய வேலையல்ல. நோவைச் சொல்லும் சொற்களைப் படிப்பதுதான் கடினம். நோயாளியிடம் பூச்சியத்திலிருந்து பத்து வரை ஓர் எண் சொல்லச் சொல்லி இங்கே கேட்கிறோம். நம் அம்மம்மா ஒருவர் எண் சொல்ல மாட்டார். கால் உளையுது என்பார், நெஞ்சு எரியுது என்பார், உடம்பு அலுப்பாய்க் கிடக்குது என்பார். உளைவு வேறு, குத்து வேறு, எரிவு வேறு. அந்த வேறுபாடு தெரிந்தவரிடம் மட்டும்தான் அவர் தன் வருத்தத்தை முழுமையாகச் சொல்வார். இன்னொன்றும் எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி காண்பது. மறதிநோய் முற்றிய முதியவர்கள் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழக்கிறார்கள். தாய்மொழி அதன் பிறகும் நிற்கிறது. பேச்சு தடுமாறும் நிலையிலும் சிறுவயதில் பாடிய பாட்டும் செபமும் நாவுக்கு வந்துவிடுகின்றன.

கொன்சால்வேஸ் அடிகளார் மருத்துவம் படித்தவர் அல்ல. ஆனாலும் இந்த உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். வழிபாடு இலத்தீனில் நடந்த காலம் அது. குருவானவர் இல்லாத இடத்தில் இலத்தீனும் இல்லை. மக்கள் தங்கள் துயரையும் மகிழ்ச்சியையும் தங்கள் சொந்தச் சொற்களிலே கடவுளிடம் சொல்ல முடிந்தால், குருவானவர் வராத மாதங்களிலும் அந்தச் சொற்கள் அவர்களோடு இருக்கும்.

பாட்டும் பிரசங்கமும்

ஆகவே அவர் எழுதத் தொடங்கினார். தமிழிலும் சிங்களத்திலும் வசனமும் பாட்டுமாகப் பல நூல்கள். ஞாயிற்றுக்கிழமை நற்செய்திகளுக்கு விளக்கம் சொல்லும் சுவிசேட விரித்துரையைத் தமிழில் எழுதினார். சிங்களத்தில் தேவ வேத புராணய என்ற பெரிய நூலை எழுதினார். இலங்கைக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை என்று வரலாற்று ஆசிரியர்கள் அவரை அழைப்பது இதனால்தான்.

இவற்றுள் மக்கள் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது வியாகுல பிரசங்கம். ஆண்டவரின் திருப்பாடுகளைச் சொல்லும் ஒன்பது பிரசங்கங்கள் அவை. பெயர் பிரசங்கம் என்றாலும், பீடத்தில் நின்று பேசுவது போல அவற்றைப் பேசுவதில்லை. இராகம் போட்டு, ஏற்ற இறக்கத்தோடு, நீட்டி நிறுத்தி வாசிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்து மாலைகளில், குறிப்பாகப் பெரிய வெள்ளியன்று, அனுபவமுள்ள பெரியவர்கள் முறை வைத்து வாசிப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். சாவீட்டில் ஒப்பாரி கேட்டுப் பழகிய மக்களுக்கு, மகனை இழந்த மாதாவின் துயரத்தை அவர்களுக்குப் பழக்கமான முறையிலேயே அவர் சொன்னார். வாசிக்க ஒரு குருவானவர் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். எழுத்துத் தெரிந்த ஓர் அண்ணாவியாரும் ஓர் எண்ணெய் விளக்கும் போதும்.

சிங்களத்திலும் இதே பணியைச் செய்தார். துக்பிராப்தி பிரசங்கய என்பது அங்கே இதற்கு இணையான நூல். தவக்காலத்தில் சிங்களக் கத்தோலிக்கர் பாடும் பசன் பாட்டுகளுக்கு அடித்தளம் இட்டவரும் அவரே. பசன் என்ற சொல் திருப்பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் வழங்கும் பாஸ் என்ற சொல்லும் அதே குடும்பம்தான். திருச்சுரூபங்களைக் கொண்டு பாடுகளைக் காட்டும் பேசாலை உடக்குப் பாஸ், நீர்கொழும்புக்கு அருகில் தூவத் தீவில் நடக்கும் பாஸ்கு ஆகியவற்றைப் பார்த்தவர்கள் நம்மிடையே இருப்பார்கள். பிரசங்கம் வாசிக்க, சுரூபங்கள் அசைய, மக்கள் பாட, திருப்பாடுகள் கண்முன்னே நிற்கும் அந்த மரபு அவர் காலத்தில் வேர்விட்டது.

அவர் துக்கப் பாட்டு மட்டும் எழுதியவர் அல்ல. மகிழ்ச்சிப் பாட்டுகளும் எழுதினார். அவருடைய சிங்களப் பாட்டு நூல் ஒன்றின் பெயர் ஆனந்த களிப்புவ. தமிழில் ஆனந்தக் களிப்பு என்பது நாட்டு மக்கள் விரும்பிப் பாடும் ஒரு மெட்டின் பெயர். கொங்கணி பேசிய ஒருவர் சிங்கள மக்களுக்கு எழுதிய பாட்டு நூலுக்குத் தமிழ்ப் பெயர். மூன்று மொழிகளும் ஒரே மனிதரின் நெஞ்சில் சண்டையில்லாமல் இருந்திருக்கின்றன. நம் நாட்டில் போர் நடந்த ஆண்டுகளிலும், பெரிய வெள்ளியன்று வடக்கிலும் மேற்குக் கரையிலும் இரு மொழி மக்களும் ஒரே துயரத்தை ஒரே குருவானவரின் சொற்களில்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு வருத்தமும் வருகிறது, ஆறுதலும் வருகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கால வழக்கப்படி, பிற சமயங்களையும் ஒல்லாந்தரின் சபையையும் மறுத்து வாதிடும் நூல்களையும் அவர் எழுதினார். அவற்றில் கடுமை உண்டு. கண்டியில் கத்தோலிக்கர் மீது பின்னர் எழுந்த வெறுப்புக்கு அந்த நூல்களும் ஒரு காரணமாயின. ஆனால் மக்கள் காலங்காலமாகத் தங்களோடு வைத்துக்கொண்டவை வாதங்கள் அல்ல, பாட்டுகளும் பிரசங்கங்களும்தான்.

அச்சு இயந்திரமும் எழுத்தாணியும்

1737இல் ஒல்லாந்தர் கொழும்பில் அச்சகம் அமைத்துச் சிங்களச் செப நூல் அச்சிட்டார்கள். அவர்களிடம் பாடசாலைகள் இருந்தன, சம்பளம் பெறும் ஆசிரியர்கள் இருந்தார்கள், ஆட்சியும் இருந்தது. கொன்சால்வேஸ் அடிகளாரிடம் இருந்தவை ஓலையும் எழுத்தாணியும். ஓலையை அவித்து, உலர்த்தி, நறுக்கி, எழுத்தாணியால் கீறி, கரி பூசித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும். ஒரு படி எழுதி முடிக்கப் பல நாட்கள் வேண்டும். மாஓயா ஆற்றுக்கு வடக்கே, கண்டி அரசின் எல்லைக்குள் இருந்த போலவத்தையில் அவர் தங்கி எழுதினார். படியெடுப்பவர்களை வைத்துப் பிரதிகள் செய்வித்து, ஊர் ஊராக அனுப்பினார்.

ஓலை கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாகும். சோதனை போடுகிறவர் கையில் அகப்பட்டால் பறிபோகும். ஆனால் மனப்பாடமான பாட்டை யாராலும் பறிக்க முடியாது. அடிகளாரின் பாட்டுகள் நிலைத்ததற்கு ஓலையை விட மக்களின் நாவே பெரிய காரணம்.

கடைசி நாட்கள்

1711 சனவரி 16ஆம் திகதி யோசேவ் வாஸ் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். அதன் பின்னரும் கொன்சால்வேஸ் அடிகளார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியைத் தொடர்ந்தார். கண்டியை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் அவரை மதித்தான். அரண்மனைக்குப் போய் வந்த அதே மனிதர், ஒல்லாந்தர் ஆட்சிப் பகுதிகளில் ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கரையும் மாறுவேடத்தில் போய்ச் சந்தித்தார்.

1742 யூலை 17ஆம் திகதி, 66 வயதில், போலவத்தையில் அவர் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தலைமன்னாரில் இறங்கிய நாளிலிருந்து 37 ஆண்டுகள் அவர் இலங்கை மக்களுக்காக வாழ்ந்தார்.

அதே 1742ஆம் ஆண்டில் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததைப் பாருங்கள். நம் இலண்டனில், புரூக் வீதியில் வாழ்ந்த ஹேண்டல், மெசையா என்ற தம் பெரிய இசைப் படைப்பை அந்த ஏப்ரல் மாதம் டப்ளின் நகரில் முதன்முறை அரங்கேற்றினார். அவருடைய வீடு இன்று அருங்காட்சியகம். பிள்ளைகள் போய்ப் பார்க்கலாம். விவால்டி அதற்கு முந்தைய ஆண்டு வியன்னாவில் வறுமையில் இறந்தார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 1920களில் இத்தாலியில் கண்டெடுக்கப்பட்டன. காகிதத்தில் இருந்ததால் அந்த இசை தூங்கிக் கிடந்தும் விழித்துக்கொண்டது.

அடிகளாரின் பாட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. சொற்கள் நூலில் இருக்கும். பின்னாளில் அச்சிலும் வந்தன. இராகம் காதால் கேட்டு வாயால் பழகியது. ஒரு தலைமுறை வாசிக்காமல் விட்டால், அடுத்த தலைமுறை அதை எந்த நூலகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நம் கையில் இருப்பது

1806இல்தான் பிரித்தானிய ஆளுநர் மேட்லண்ட் இலங்கைக் கத்தோலிக்கருக்கு முழுச் சுதந்திரம் அளித்தார். 1658இலிருந்து கணக்கிட்டால் 148 ஆண்டுகள். அவ்வளவு காலம் நம் முன்னோரின் விசுவாசம் அழியாமல் நின்றது. அந்தக் காலத்தின் பிற்பகுதி முழுவதும் அடிகளாரின் தமிழ்ச் சொற்கள் அவர்கள் வாயில் இருந்தன.

பெற்றோரே, இங்கே நம்மை யாரும் தடுப்பதில்லை. கோவில் கதவு திறந்தே இருக்கிறது. குருவானவர் இருக்கிறார், தமிழில் பூசை இருக்கிறது. அன்று கட்டளையாலும் தண்டனையாலும் அழியாத ஒன்று, இன்று நேரமில்லாமையால் அழிந்துவிடக் கூடும். பிள்ளைகளுக்குத் தமிழ் கடினம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அடிகளார் தமிழ் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 29. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர் அல்ல. சொல்லித் தர சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையும் இருக்கவில்லை.

பிள்ளைகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, தெரிந்த வீட்டிலோ அம்மம்மா, அப்பப்பா, அம்மப்பா, அப்பம்மா யாரேனும் இருந்தால், வியாகுல பிரசங்கத்தின் ஒரு பக்கத்தை அவர்கள் ஊரில் வாசித்த முறையில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மன்னார் இராகம் ஒன்று, யாழ்ப்பாண இராகம் இன்னொன்று என்று ஊருக்கு ஊர் மாறும், இரண்டையும் கேளுங்கள். உங்கள் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு நீங்களும் கூடவே வாசித்துப் பாருங்கள். எழுத்துத் தடுமாறினால் பரவாயில்லை. பெரியவர்கள் சிரிக்காமல் திருத்திக் கொடுக்க வேண்டும்; அது எங்கள் கடமை.

வரும் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையாவது நம் கோவிலில் பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் அருகருகே நின்று ஒரு பிரசங்கத்தை மாறி மாறி வாசிக்கலாமே என்று பங்குத்தந்தையிடமும் பாடகர் குழுவிடமும் இந்த மலர் வழியாகத் தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் தேநீர் நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள்.